கட்டம் கட்டமாகச் சிவப்பு

பரிசோதனைக்கூடத்தில் அக்கா கண்ணாடித் துண்டை மாற்றி வைத்து மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். மறுபடியும் அதேதான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முந்தாநாள் தம்பி மனைவிக்குக் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். குளியலறையில் அவள் துணியில் சுற்றிப் போட்டிருந்ததை, அவளுக்குத் தெரியாமல் ஒரு மருந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தான் தம்பி. எதனால் போயிற்று என்று அக்கா கண்டுபிடித்துவிடுவாளாம். வருஷக்கணக்காக ஊரார் ரத்தத்தையும் சதையையும் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

மனித செல்லுக்குச் சுவர் கிடையாது. மெல்லிய சவ்வுதான். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோணல்மாணலாகக் கிடக்கும். இங்கே இருந்ததோ செங்கல் அடுக்கினாற்போலக் கெட்டிச் சுவர் வைத்த கட்டங்கள். உள்ளே சிவப்புச் சாறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இது செடி என்று. சாப்பிட்ட கையோடு தொட்டுவிட்டோமோ என்று கையைத் தேய்த்துக் கழுவி, புது பிளேடால் நடுவிலிருந்து கீறி எடுத்ததுதான் இந்த இரண்டாவது துண்டு. பீட்ரூட். சந்தேகமே இல்லை.

அடிப்பாவி, இப்படியும் ஒருத்தி ஏமாற்றுவாளா என்று வயிறு எரிந்தது. எரிந்த வேகத்திலேயே அணைந்தும் போனது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காத வாய் இல்லை. அக்காவின் வாயும்தான். நாள் தள்ளியிருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் அம்மா முதல்முறையாக மருமகளை உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள்.

"அக்கா, அவமேல தப்பு ஒண்ணும் இல்லல்ல?" தம்பி பின்னால் வந்து நின்றான். "அம்மா அவளத்தான் கரிச்சுக் கொட்டுது."

"இரு, பாத்துட்டிருக்கேன்ல."

சொன்னால் அவள் குடித்தனம் போச்சு. சொல்லாவிட்டால் இவன் ஒரு காய்கறித் துண்டுக்காக ஆயுசு முழுக்க அழுவான்.

"வேற ஒண்ணும் வேணாம்க்கா. பொண்ணா பையனான்னு மட்டும் சொல்லேன்." அவன் அந்த மருந்து பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான். "தினம் அவ வயித்துல காத வெச்சுப் பேசிட்டு இருந்தேன். யார்கிட்ட பேசினேன்னு தெரிஞ்சா போதும்."

அக்கா கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். கண்ணில் நீர் முட்ட முட்ட, கீழே அந்தக் கட்டங்களின் சுவர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து, வெறும் சிவப்பாக, சதையைப் போலவே ஆகிக்கொண்டிருந்தன.