சுவரில் ஒன்று, வகுப்பில் ஒன்று

கடைசி மணி அடித்துப் பள்ளிக்கூடம் காலியான பிறகும், துணைத் தலைமையாசிரியை மட்டும் ஆசிரியர் அறையின் மூலை மேசையில் குனிந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அடிக்கோலை நகர்த்தி ஒரு கோடு, மறுபடி நகர்த்தி ஒரு கோடு. எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்று திட்டம் போடுவது அவருடைய வேலை. அதனால் பிள்ளைகள் அவருக்குக் 'கட்டம் டீச்சர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளத் தெம்பில்லாமல் விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டம் அது. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு அட்டவணை போட்டாக வேண்டும். ஒன்று வண்ணத் தாளில், சுவரில் ஒட்டுவதற்கு. அதில் கணக்கும் அறிவியலும் மொழியும் வரலாறும் அளவோடு இருக்கும். நடுநடுவே ஓவியம், இசை, விளையாட்டு, மரவேலை, நூலகம் என்று பார்க்கவே நிறைவாக இருக்கும். அதைப் படிக்கிற யாருக்கும் மறுபடி சின்னப் பிள்ளையாகி இங்கே வந்து சேர்ந்துவிடலாமா என்று தோன்றும். இன்னொன்று வெள்ளைத் தாளில், ஆசிரியர்களின் இழுப்பறைக்குள் இருப்பது. அதில் கணக்கு, அறிவியல், தேர்வு, கணக்கு, அறிவியல், தேர்வு. பள்ளிக்கூடம் நடந்தது இழுப்பறைத் தாளின்படி.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை. முன்னொரு வருஷம் பொதுத்தேர்வு நெருங்கியபோது, "ஒரே ஒரு மாசம் விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் குடுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். கொடுத்தார். அடுத்த வருஷம் இசையைக் கேட்டார்கள். அதற்கப்புறம் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். இசை ஆசிரியை வேலையை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு ஆள் போட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இசை அறையில் இப்போது கால் உடைந்த நாற்காலிகள் குடியிருந்தன.

ஓவிய ஆசிரியர் ஒரு கட்டு விடைத்தாளோடு உள்ளே வந்தார். அவர் தூரிகையைத் தொட்டு வெகுநாளாகிவிட்டது. கணக்குத் தேர்வுகளுக்குக் காவல் நிற்பதும் விடைத்தாள் திருத்துவதும்தான் இப்போது அவருடைய ஓவியம்.

"டீச்சர், அடுத்த வருஷமாவது எனக்கு ஒரு பீரியட் உண்டா? வெள்ளைத் தாள்ல கேக்குறேன். கலர்த் தாள்ல நெறைய இருக்குன்னு தெரியும்."

"பெரிய சார்கிட்ட கேட்டுப் பாக்குறேன் சார்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "பரவால்ல விடுங்க. முக்கோணத்தை அழகா போட்டிருக்கிற பிள்ளைக்கு அரை மார்க் சேத்துப் போட்டுடுறேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் டீச்சருக்குச் சுருக்கென்றது. எழுந்து தலைமையாசிரியரின் அறைக்குப் போனார்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா டீச்சர்? நானும் பந்தடிச்சு வளந்தவன்தான். ஆனா ரெண்டு மார்க் கொறஞ்சா போதும், அப்பா அம்மாங்க கேட்டுல வந்து நிக்கிறாங்க. பக்கத்து ஸ்கூல்காரங்க ரிசல்ட்டைப் பேனர் அடிச்சுத் தொங்கவிடுறாங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒன்பதாவதுக்காவது வாரத்துல ஒரு பீரியட் ஓவியம், ஒரு பீரியட் விளையாட்டு..."

"அடுத்த வாரம் ஆய்வு. மொதல்ல அதைத் தாண்டுவோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இந்த வருஷத்தோட ரிட்டயர் ஆகுறேன். இந்த நாற்காலிக்கு உங்க பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். ஆய்வுல ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா போறது உங்களுக்குத்தான். பாத்து நடந்துக்கோங்க."

டீச்சர் பார்த்து நடந்துகொண்டார். அந்த வாரம் முழுக்கக் கடைசி பீரியடில், நடக்காத வகுப்புகளைப் பற்றிப் பேச ஒத்திகை நடந்தது. ஒன்பதாம் வகுப்புக்கான கேள்வி பதிலை அவரே எழுதிக் கொடுத்தார். என்ன விளையாட்டு என்று கேட்டால் கைப்பந்து. என்ன வரைந்தீர்கள் என்று கேட்டால் பூ ஜாடி. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் அவர்களுக்குக் கைவந்த வேலை. அந்த வகுப்பில்தான் டீச்சரின் மகளும் படித்தாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

ஆய்வு நாளன்று காலையில் ஆய்வாளர் வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அம்மா. படியேறி வந்த களைப்பில் ஒன்பதாம் வகுப்பு வாசலிலேயே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். சுவரில் இருந்த வண்ண அட்டவணையைப் பார்த்தார். பிறகு முதல் வரிசையில் இருந்த டீச்சரின் மகளைப் பார்த்து, "போன வாரம் ஓவிய வகுப்புல என்னம்மா பண்ணீங்க?" என்றார்.

டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்தார். மகள் நிதானமாக எழுந்து நின்றாள்.

"நிழல் எப்படி விழும்னு வரைஞ்சோம் மேடம். எனக்கு சரியா வரல. சார் திரும்ப வரையச் சொன்னாங்க."

"எங்க, காட்டு பாப்போம்."

"திருத்தறதுக்காக சார்கிட்ட குடுத்திருக்கோம் மேடம்."

எழுதிக் கொடுத்ததில் நிழலும் இல்லை, சரியாக வராததும் இல்லை. எல்லாம் அவளாகச் சேர்த்துக்கொண்டது. கதவருகே நின்ற ஓவிய ஆசிரியர் ஆமாம் என்று தலையசைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். ஆய்வாளர் எதையோ குறித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் வகுப்பே கைதட்டியது.

ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுதான். "உங்க பொண்ணு எங்க போனாலும் பொழச்சுக்கும் டீச்சர்!" என்றார் கணக்கு ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பள்ளி விட்ட பிறகு ஆய்வாளர் ஆசிரியர்களை உட்காரவைத்து மதிப்பெண்களை அலசினார். விளக்குப் போடும் நேரம்வரை அது இழுத்தது. கணக்கு ஆசிரியர் அவ்வளவு நேரமும் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார். மாலையில் அவர் வீட்டில் டியூஷன் நடக்கும். அன்றைக்கு அதற்கு மட்டம். இருவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். "உடம்பைப் பாத்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து டீச்சர் தலையாட்டினார்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கைப்பையை வைத்துவிட்டு, தினமும் கேட்கிற கேள்வியை யோசிக்காமல் கேட்டார்.

"டியூஷன் எப்படிப் போச்சு?"

"நல்லா போச்சும்மா. சமன்பாடு நடத்தினாரு. எனக்கு ஒண்ணு சரியா வரல. சார் திரும்பப் போடச் சொன்னாரு."

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். காலையில் கேட்ட அதே குரல், அதே நிதானம், அதே சரியாக வராதது.

"கணக்கு சார் இவ்வளவு நேரம் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். இன்னிக்கு டியூஷனே இல்ல. நீ போயிருந்தா அது உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மகள் திடுக்கிடவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்துக் கீழே வைத்தாள்.

"எங்கடி போன?"

"எங்கயும் போகல. பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்லம்மா. சும்மாதான். பஸ் வரும், ஆளுங்க எறங்கிப் போவாங்க. பாத்துக்கிட்டே இருப்பேன். அங்க என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"இருப்பேன்னா? எத்தனை நாளா நடக்குது இது?"

"கொஞ்ச நாளா. உனக்கு உடம்பு சரியில்ல, வீட்டுல வேலை இருக்குன்னு சார்கிட்ட சொல்லியிருக்கேன்."

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை மாலைகள் இந்தப் பெண் சமன்பாடு படித்ததாகச் சொல்ல, தான் அதை நம்பித் தட்டில் சோறு போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார். அதைவிடப் பயமாக இருந்தது இன்னொன்று. இனிமேல் இவள் எதைச் சொன்னாலும் எப்படி நம்புவது?

"பெத்தவகிட்டயே இப்படிப் பொய் சொல்ல எப்படிடி மனசு வந்துச்சு?"

"காலைல சொன்னப்போ எல்லாரும் கைதட்டினாங்க. நீயும் சிரிச்சியாம்."

"அதுவும் இதுவும் ஒண்ணாடி?"

"எனக்கு வித்தியாசம் தெரியலம்மா." அவள் அழுதிருந்தால் தேவலை. அழவில்லை. "காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கணக்கு, அறிவியல், டெஸ்ட். அப்புறம் டியூஷன்ல மறுபடி அதே கணக்கு. டயர்டா இருக்குன்னு சொன்னா, ஒன்பதாவது அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவ. சுவத்துல இருக்கிற டைம்டேபிளை டெய்லி பாக்குறேன். அது எந்தப் பிள்ளைங்களுக்கும்மா?"

டீச்சர் எழுந்து போய் இரண்டு தட்டில் சோறு போட்டார்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் ஆய்வாளர் தன் அறிக்கையை வாசித்தார். "'பாடத்திட்டம் எல்லாத் துறைகளையும் தழுவியதாகவும் சமநிலையோடும் உள்ளது.' சரிதானே? பாடத்திட்டம் போட்டவங்க இங்க கையெழுத்துப் போடுங்க."

"சரியில்ல மேடம்" என்றார் டீச்சர். "சுவத்துல இருக்கிறது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு. நான்தான் ரெண்டையும் போட்டேன்."

தலைமையாசிரியர் "டீச்சர்!" என்று பாதி எழுந்தார். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இசை ரூம் ஜன்னல் வழியா நாற்காலிக் கால் நீட்டிக்கிட்டு நிக்குது. ஓவிய சார் வெரல் பூரா செவப்பு மை. போன மாசம் இன்னொரு ஸ்கூல்ல ஒரு பையனும் இதே நிழலைத்தான் வரைஞ்சேன்னான். ஆரம்பத்துல நானும் உள்ளதை எழுதிக்கிட்டுதான் இருந்தேன். ஒண்ணும் மாறல. இப்ப ஓஞ்சு போயிட்டேன். உங்களுக்கு எதுக்கும்மா வம்பு? பிரமோஷன் வேற வருது. போட்டுட்டுப் போங்க."

"நானும் ஓஞ்சு போய்த்தான் மேடம் இத்தனை வருஷம் கட்டம் போட்டேன்" என்றார் டீச்சர். "பாட்டு, படம், விளையாட்டு எல்லாத்தையும் எடுத்துட்டா அந்த நேரத்துல கணக்கு ஏறும்னு நெனச்சோம். ஆனா ஒரு பாடத்தை எடுத்த எடம் காலியா இருக்கிறதில்ல. அந்த எடத்துல நாம பொய்யை நடத்திட்டோம். ஒத்திகை வெச்சு, கைதட்டி நடத்திட்டோம். இந்த ஸ்கூல்ல ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆகாத பாடம் அதுதான். அதுல என் பொண்ணு மொதல் மார்க்."

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசித்த வரியை நிதானமாக அடித்தார். "சரி, சொல்லுங்க" என்றார். "என்னென்ன நடக்கல, ஒவ்வொண்ணா சொல்லுங்க."

நாற்காலி வேறு யாருக்கோ போகும் என்பது அன்றைக்கே உறுதியாகிவிட்டது. டீச்சருக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் அறிக்கை மேலே போன பயத்தில் தலைமையாசிரியர் கலங்கிப்போய், "இப்ப என்ன பண்ணலாம் டீச்சர்?" என்று அவரையே கேட்டார். ஒன்பதாம் வகுப்பின் நடப்பு ஆண்டு வெள்ளைத் தாளிலேயே வியாழக்கிழமை ஓவியம் வந்தது, வெள்ளிக்கிழமை விளையாட்டு வந்தது. மற்ற வகுப்புகளுக்கு இன்னும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் மகளிடம் அதைச் சொன்னார். டியூஷன் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், பெஞ்சில் உட்கார வேண்டும் என்றால் சொல்லிவிட்டே போகலாம் என்றும் சொன்னார். அவள் அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நெஜமாவா சொல்றம்மா? இல்ல, இதுவும் சுவத்துல ஒட்டறதுக்கா?"

அந்தக் கேள்வி தனக்கு வேண்டியதுதான் என்று டீச்சருக்குத் தெரிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடனே நம்ப வேணாம் கண்ணு. வியாழக்கிழமை வகுப்புல உக்காந்து பாத்துட்டு நம்பு. பிள்ளைங்களுக்கு எல்லாப் பாடமும் வேணும்னு சொன்னா எல்லாத்தையும் நடத்தணும். நடத்தாம நடத்துறதா சொன்னா, நீங்க கத்துக்கிறது அந்தப் பொய் ஒண்ணைத்தான்."