மழைச் சேதி

என் கடை கம்ப்யூட்டர்களுக்கு சீல் வைத்த அன்று சாலக்குடியில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் மார்க்கெட் ரோட்டின் ஒன்பது டி.டி.பி. கடைகளில் எட்டுக் கடைக்காரர்களுக்கு 'மழை வருது' என்ற சேதி தெரிந்திருந்தது. எட்டு ஷட்டரும் இறங்கியிருந்தன. என்னுடையது மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

அது எங்கள் ரோட்டின் ஏற்பாடு. நாங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் போட்டிருந்தது சாஃப்ட்வேரின் திருட்டு நகல்தான், இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கம்பெனி வக்கீல் போலீஸோடு ஜீப்பில் வந்தால், முதலில் பார்க்கிறவர் அடுத்த கடைக்குப் போன் போடவேண்டும். அவர் அதற்கடுத்த கடைக்கு. 'மழை வருது' என்று இரண்டே சொல். எனக்குச் சொல்லவேண்டியவன் பக்கத்துக் கடை இனாசு.

அப்போது என் மெஷினில் எங்கள் பங்குக் கோயிலின் நூற்றைம்பதாம் ஆண்டு மலர் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ, வீட்டுப்பேர், எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்ற கதை. நான்கு மாத உழைப்பு. இரண்டு மெஷினையும் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குப் புருஷன் பிள்ளை என்று யாரும் இல்லை. அந்தக் கடைதான் எனக்குச் சோறு, அதுதான் பேர். 'ரோஸிலி அடிச்சா பிழை இருக்காது' என்று ஊர் சொல்லும். அந்தப் பேரை ஒரு மத்தியானத்தில் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் இனாசு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். மூன்று தடவை அடித்தானாம், லைன் கிடைக்கவில்லையாம். என் போன் பூராவும் தேடிப் பார்த்தேன், அவன் பேரில் ஒரு அழைப்பு இல்லை. மறுநாள் எனக்கு அந்தப்பக்கத்துக் கடை மொய்து வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இனாசேட்டன்தான் என்னையக் கூப்பிட்டார் சேச்சி. ரோஸிலிக்குச் சொல்லியாச்சு, நீ அடுத்த ஆளுக்குச் சொல்லுன்னார்."

என்னைத் தாண்டிப் போயிருக்கிறான், பாவி. அடுத்த வாரமே மலர் வேலை அவன் கடைக்குப் போனது. எங்கள் பங்குப் பாதிரியார் தேவஸ்ஸி அச்சனிடம் அவனே போய், 'பாவம் ரோஸிலி, அவளால முடியாது, நான் முடிச்சுத் தரேன்' என்றானாம். அந்த மலரை அவன் கையிலிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்கு முதலில், எவனும் வந்து சீல் வைக்க முடியாத மெஷின் வேண்டும். அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் ரம்லா டீச்சர் என்னோடு பத்தாவது படித்தவள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் லினக்ஸ்தான், காசும் கிடையாது, கள்ளத்தனமும் கிடையாது. நான் வாங்கிய பழைய மெஷினில் அவளே வந்து அதை ஏற்றிக் கொடுத்தாள். இதில் நான் எப்படிப் பக்கம் கட்டுவேன் என்று மலைத்து உட்கார்ந்தேன்.

"பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு வருது, உனக்கு வராதாடி?" என்றாள்.

வரவில்லை. பத்து நாள் எதுவுமே வரவில்லை. பதினேழு வருஷமாக என் விரல்கள் அறிந்த சாவிகள் எல்லாம் அங்கே வேறு எதையோ செய்தன. பழைய ஃபைல் ஒன்றும் திறக்கவில்லை. பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், கல்யாணக் கார்டுக்குப் பூவும் கொடியும் வரைய இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு கிம்ப் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். ஒரு பெட்டியை நகர்த்தப் போனால் எழுத்து நகர்ந்தது. எழுத்தைப் பெரிதாக்கப் போனால் பக்கமே காணாமல் போனது. முதல் நோட்டீஸை அச்சகத்துக்காரர் திருப்பி அனுப்பினார். கறுப்பு எழுத்து நான்கு மையிலும் பிரிந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பில் ஒரு நிழல் விழுந்திருந்தது. உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு, கறுப்பை ஒற்றை மையில் நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தேன். கோபம் மட்டும் இல்லையென்றால் மூன்றாம் நாளே மூட்டை கட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவை கை தவறும்போதும் இனாசின் தொங்கிய முகத்தை நினைத்துக்கொள்வேன், கை நேராகிவிடும்.

பழைய கடையை விட்டு, ரோட்டின் தலைப்பில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சின்ன அறைக்கு வந்தேன். நன்றாக யோசித்துத்தான் வந்தேன். ஜீப் எந்தப்பக்கம் இருந்து வந்தாலும் என் வாசலைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. நான் நினைத்தபடியே கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ரோஸிலிக்குத்தான் இனிப் பயமில்லையே, அவளே முதல் போனைப் போடட்டும் என்றார்கள். யாருக்கு? எனக்கு அடுத்த கடை இனாசுக்கு. அவன் எதிரே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் சரி என்றேன்.

செப்டம்பரில் வந்தார்கள். நல்ல பகல் பதினோரு மணி. நேரே என் கடைக்குள் ஏறினார்கள். வக்கீல் என் மெஷினை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், இது என்ன என்றார். லினக்ஸ், சும்மா கொடுப்பது, ரசீது கேட்டால் என்னிடம் இல்லை என்றேன். அவர் நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். எல்லோருக்கும் நாரங்கா வெள்ளம் கலக்கிறேன் என்று உள்ளே போனேன். ஒரு கையால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், மறு கையால் மொய்துவைக் கூப்பிட்டேன்.

"மழை வருது மொய்து. இனாசேட்டனுக்குச் சொல்லியாச்சு, நீ அடுத்த ஆளுக்குச் சொல்லு."

அளவாகத்தான் சர்க்கரை போட்டேன்.

இனாசின் மூன்று மெஷினும் போயின, மலரோடு. மலர் வெளியாகவேண்டிய கோயில் பெருநாளுக்கு இருபது நாள் இருந்தது. தேவஸ்ஸி அச்சன் ஓடி வந்தார். குடும்பங்கள் கொடுத்த போட்டோவும் கையெழுத்துத் தாளும் கோயில் அலமாரியில் இருந்தன. இருபது நாளில் முடியுமா என்றார். பதினாறு போதும் என்றேன். அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் முதலிலிருந்து அடித்து, பக்கம் கட்டி, பதினாறாம் நாள் அச்சுக்கு அனுப்பினேன். கறுப்பு, கறுப்பாகவே விழுந்தது.

இடையில் ஒரு நாள் இனாசு வந்தான். வாடகை கட்ட முடியாமல் கடையைக் காலி செய்துவிட்டானாம், மச்சானின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறானாம். என் திரையில் அவன் வீட்டுப் பக்கம்தான் இருந்தது. அவன், அவன் மனைவி, மூன்று பெண்கள்.

"நீதான்னு தெரியும். வேணும்னே செஞ்சியாடி?"

"வேணும்னேதான் இனாசேட்டா."

அவன் கண் கலங்கிற்று. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்படித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்களில் பெருநாளுக்கு அதைச் செய்யாதவர் யாரும் இல்லை. எல்லாவற்றையும் அச்சனிடம் சொன்னேன். மொய்துவிடம் சொன்ன பொய்யையும், அந்த நெஞ்சுக் குளிர்ச்சியையும்.

"செஞ்சதை நினைச்சு மனஸ்தாபம் உண்டா மோளே?"

"இல்லச்சோ."

"கொஞ்சம்கூடவா?"

"தேடிப் பாத்துட்டேன். இல்ல."

மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்புக் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை, வருத்தம் வரும்போது வா, அதுவரை பூசையில் நற்கருணை வாங்காதே என்றார் அச்சன். புத்தகம் வேண்டும் என்று என் வாசலுக்கு ஓடி வந்தபோது இதையெல்லாம் கேட்கவில்லையே என்றேன். சிலுவை அடையாளம் மட்டும் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் பெருநாள் பூசையில் ஆயர் மலரை வெளியிட்டார். கடைசிப் பக்கத்தில் என் பேர் இருந்தது. ஜனங்கள் அங்கேயே புரட்டிப் புரட்டித் தங்கள் வீட்டைத் தேடினார்கள். பிறகு நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழுந்தது. முன்வரிசையிலிருந்து இனாசு தன் மூன்று பெண்களோடு போனான். வாங்கிக்கொண்டு, கைகூப்பி, தலை குனிந்து என் பக்கமாகத் திரும்பி வந்தான். எங்கள் பெஞ்சின் முறை வந்தது. என்னையும் சேர்த்து ஏழு பெண்கள். ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவள் நான், எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த மேரித்தாத்தி எழுந்து, 'வா ரோஸிலி' என்று என் தோளைத் தொட்டாள்.

நான் முழங்காலைப் பக்கவாட்டில் ஒதுக்கி, அவர்கள் ஆறு பேருக்கும் வழி விட்டேன்.