நடுவில் நிற்காத பல்

கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் பல் டாக்டரம்மாவின் போர்டு திரும்பி வந்துவிட்டது. அந்தம்மா ஒன்றும் சண்டை போடவில்லை. "கோணல் பல்லை நேராக்குறதுதான் என் பொழப்பு. என் வாசல்லயே பல்லு ஒரு ஓரமா ஒதுங்கி நின்னா எவன் உள்ள வருவான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மறுநாள் கிளினிக் திறப்பு. சாயங்காலத்துக்குள் வேறு போர்டு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஃப்ளெக்ஸ் போர்டு கடை அது. கல்லாவில் தம்பி, போர்டு மாட்டுவதற்கு அண்ணன். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அண்ணன் மனைவியான பெரியவள். பக்கத்து மேஜையில் படங்களை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது தம்பி மனைவி, சின்னவள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெரியவளுடைய வலது கண்ணில் ஆபரேஷன் ஆகும்வரை.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்ணுக்கு நேர்கோடு லேசாக நெளிந்து தெரிந்தது. போகப் போகச் சரியாகும் என்றார் கண் டாக்டர். போகப் போக என்றால் எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லவில்லை. நேர்கோட்டை வைத்தே பிழைப்பவளுக்கு வந்து வாய்த்த கஷ்டத்தைப் பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். வம்பே அதில்தான் ஆரம்பித்தது. இப்போதும் அவள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "டிசைன்ல ஒரு குறையும் இல்ல. நான் ஃப்ளெக்ஸை இழுத்து மாட்டினப்ப நகர்ந்திருக்கும்."

கொழுந்தன் தன் பங்குக்கு, "அந்தம்மா நின்னு பார்த்த இடம் சரியில்ல அண்ணி" என்றான். டாக்டரம்மா நின்ற இடத்தின்மேல்கூடப் பழியைப் போடுகிறார்களே என்று பெரியவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். இன்றைக்குப் போடும் போர்டும் கோணிக்கொண்டால் இந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான். பதினாறு வருஷமாக உட்கார்ந்த நாற்காலி.

ஃபைலைத் திறந்தாள். மேலே பல் படம், கீழே டாக்டர் பெயர். பல்லைப் பிடித்து, நடுவில் நிறுத்தும் பட்டனை அமுக்கினாள். பல் நகர்ந்து நின்றது. அவள் கண்ணுக்கு அது இடது பக்கம் தள்ளித்தான் நின்றது. போன வாரமும் இப்படியேதான் தெரிந்தது. மெஷின் பொய் சொல்லுமா, கண்தான் பொய் சொல்கிறது என்று நினைத்து அப்போது விட்டுவிட்டாள்.

ஸ்னாப்பைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் படம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் ஸ்னாப். பல் ஒட்டத்தான் செய்தது. ஆனால் நடுக்கோட்டில் ஒட்டாமல், அதற்கு முன்னாலேயே எதன்மேலோ இடித்த மாதிரி நின்றுகொண்டது. கைடு என்கிற அந்த நடுக்கோட்டைப் பூட்டினாள், திறந்தாள். சாஃப்ட்வேரை மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். பல் அசைந்து கொடுப்பேனா என்றது.

கடைசியில் எழுந்துபோய், திரும்பி வந்த போர்டைச் சுவரில் சாய்த்து வைத்து டேப்பால் அளந்தாள். துணி இம்மிகூட நகரவில்லை, பெயர் நட்ட நடுவில் இருந்தது. பல் மட்டும் இரண்டு விரல்கடை இடது பக்கம். டேப்புக்கு யாரும் கண் ஆபரேஷன் செய்யவில்லையே! அப்படியானால் அவளுக்குத் தெரிந்தது சரி. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது.

"ஏம்மா, இங்க வா. அன்னிக்கு இதைக் காட்டி நேரா இருக்கான்னு உன்கிட்ட கேட்டேன். நீ ஆமான்னு சொன்ன. நிஜமாவே உனக்கு நேராத் தெரிஞ்சுதா?"

சின்னவள் வார்த்தையை மென்று முழுங்கினாள். "கொஞ்சம்..."

"கொஞ்சம்னா?"

"இல்லக்கா. இடது பக்கமாத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீங்களே மனசு ஒடிஞ்சு போயிருந்தீங்க. நானும் வேற சொல்லணுமான்னு..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்ல யாரும் சொல்லக் கூடாதுன்னு மாமாவும் சொல்லியிருந்தாரு" என்று பெரியவளின் வீட்டுக்காரரை ஜாடை காட்டினாள்.

பெரியவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இத்தனை நாளும் அவள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால், தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு இப்படிக் குமைந்திருப்பாளா?

"நான் என்ன பச்சைக் குழந்தையா? எனக்குக் கண்ணு கொஞ்சம் கோணலு. நீங்க எல்லாரும் சேர்ந்து என்னை முழுக் குருடி ஆக்கிட்டீங்களே!"

சொன்ன பிறகு, கல்லாவில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் மெதுவாக வெளியே நழுவுவது தெரிந்தது. வீட்டுக்காரரோ ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் மட்டும் நகரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பெட்டிக் கோட்டைப் போட்டுப் பார்க்கலாமாக்கா?" என்றாள்.

எந்தப் படத்தைத் தொட்டாலும் அதைச் சுற்றி மெல்லிய கோட்டால் ஒரு பெட்டி தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கோடு புழு மாதிரி நெளிந்து பெரியவளுக்குத் தலையைச் சுற்றியதால், முதல் நாளே அதை நிறுத்தி வைத்துவிட்டாள். வேறு யாரும் செய்ய மாட்டாத காரியம்.

ஒற்றைக் கண்ணால் பார்த்தால் சீக்கிரமே தலை வலித்துவிடும், ஆனாலும் இப்போது வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அதைப் போட்டாள். பெட்டி பல்லைச் சுற்றி நிற்காமல், வலது பக்கம் வெற்றிடத்தில் நீளமாகப் போய் நின்றது. அங்கே என்ன இருக்கிறது? பின்னணியைக் கறுப்பாக்கியதும், பல்லுக்கு வெகு தூரத்தில் பால் சிந்தியதுபோல ஒரு மங்கலான வெள்ளைத் தீற்றல் தெரிந்தது. பல்லையும் தீற்றலையும் சேர்த்தே நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தது மெஷின். பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

"ஐயோ, நான்தான்க்கா! மூலையில ஏதோ எழுத்து இருந்துச்சு. அழிச்சேன். சரியா அழியல போலிருக்கு."

"வெள்ளையில வெள்ளையா இருந்தா எந்தக் கண்ணுக்கும்மா தெரியும்? விடு." கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தீற்றலை அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். பல் பட்டென்று நடுக்கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சின்னவள் கைதட்டினாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். புதுப் போர்டில் பல்லுக்குக் கீழே சிரிப்பு மாதிரி ஒரு வளைவு வேண்டும் என்று காலையில் டாக்டரம்மா கேட்டிருந்தார். இரண்டு முனையும் ஒரே அளவில்லாத அந்த வளைவு ஸ்னாப்புக்கெல்லாம் மசியாது. கண்ணாலும் கையாலும்தான் வைக்க வேண்டும். பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். சாய்த்தாள், நிமிர்த்தினாள். இப்போது கச்சிதமாக இருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தாள், அழகாகவே இருந்தது.

"எப்படி இருக்கு?"

சின்னவள் திரையை உற்றுப் பார்த்தாள். புடவைத் தலைப்பைத் திருகினாள். ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது.

"நல்லா இல்லக்கா. வலது பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கு."

பெரியவள் திரையையே பார்த்தாள். அவளுக்கு அப்படித் தெரியவில்லை. சுருக்கென்று வலித்தது, இல்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் வளைவு இன்னும் கலங்கியது. முன்கையால் துடைத்துக்கொண்டாள். மவுஸை மட்டும் விடவில்லை.

"சரி, இறக்குறேன். பார்த்துச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம்க்கா. இன்னும்... ஐயோ, அவ்வளவு வேணாம், மேல ஏத்துங்க. ஆங், அங்கயே விடுங்க."