அவாளுக்கு ஏசி உண்டு

என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது என்று என் கணவர் வெங்கிடேஸ்வரன் கல்யாணமான முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டார். அது எனக்கே விளங்க ஐம்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. விளங்க வைத்தது ஒரு ரேஷன் கார்டு.

எங்கள் கேரளத்தில் ரேஷன் கார்டுக்கு நிறம் உண்டு. நிறத்தைச் சொன்னால் போதும், வீட்டு ஜாதகம் முழுக்கத் தெரிந்துவிடும். மஞ்சள் என்றால் பரம ஏழை. பிங்க் என்றால் ஏழை. நீலம் என்றால் இழுத்துப் பறித்துக் காலம் தள்ளுகிறவர்கள். வெள்ளை என்றால் வசதி. எங்களுடையது வெள்ளை. கார்டு புதுப்பித்த காலத்தில் இவர் பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வருமானம் கேட்ட கட்டத்தில் ஊரெல்லாம் குறைத்து எழுத, இவர் மட்டும் ஒரு ரூபாய் குறைக்காமல் எழுதினார். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. எனக்கும் அதில் கர்வம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் தமிழ் பேசுகிற வீடு இரண்டே இரண்டு. ஒன்று நாங்கள். அடுத்தது ஜுமைலா வீடு, ராவுத்தர்கள். அவள் கணவர் அலாவுதீன் பாத்திரக்கடை வைத்திருந்தார். பக்கவாதத்தில் அவர் விழுந்ததும் கடையும் விழுந்தது. மகன் ஷாபாஸ் கார் ஓட்டினான். பதினெட்டு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம். "மாமி, நீங்க 'அவா, இவா, அவாளுக்கு'ன்னு பேசறது கேக்க நல்ல ரசம்" என்று ஜுமைலா சிரிப்பாள். அவள் வீட்டில் எல்லோரும் 'அவங்க'தான்.

அவளுடையது பிங்க் கார்டு. ரேஷன் கடையில் அவளுக்கு அரிசி சும்மா, எனக்குக் காசுக்கு. அதை நான் பொருட்படுத்தியதே இல்லை, ஒரு மேட மாதத்துச் சித்திரை வெயிலில் அவள் வீட்டுச் சுவரில் ஏசி ஏறும் வரை. அதன் வெளிப்பெட்டியை என் அடுக்களை ஜன்னலைப் பார்த்து மாட்டினார்கள். உள்ளே அவர்களுக்குக் குளிர்ச்சி, வெளியே எனக்கு வெந்த காற்று. போதாததற்குச் சந்து முனையில் தினமும் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்க ஆரம்பித்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதை இன்னும் மரியாதையான வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தகுதியில்லாமல் பிங்க் கார்டு வைத்திருப்பவர்களைப் பற்றித் தெரிவிக்கலாம், தெரிவிப்பவர் பெயர் ரகசியம், இந்த நம்பரில் கூப்பிடவும். ஒரு மத்தியானம், இவர் ஆபீஸில் இருந்தபோது கூப்பிட்டேன். எடுத்தவர் நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொண்டார். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கோபம் வந்தால் அதற்குள் என் தமிழ் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். ஜுமைலாவின் வீட்டு நம்பரைச் சொல்லி, "அவாளுக்கு ஏசி உண்டு, காறும் உண்டு. பின்னெ எந்தினா பிங்க் கார்டு?" என்றேன். அப்புறம் எதற்குப் பிங்க் கார்டு என்று. அவர் என் பெயரைக் கேட்டதும் ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜுமைலாவை விசாரணைக்கு அழைத்தார்கள். கார் ஷாபாஸுடையது அல்ல, சுள்ளிக்கல்லில் ஒரு முதலாளியுடையது. இவன் கூலிக்கு ஓட்டி, வேலை முடிந்து இங்கே நிறுத்திக்கொண்டிருந்தான். அந்த முதலாளிக்கு என்ன பயமோ, வண்டியின் ஆர்.சி. நகலைத் தர மாட்டேன் என்று கைவிரித்துவிட்டான். ஏசி, மூடிப்போன ஒரு ஹோட்டலில் பழசாக வாங்கியது. படுக்கையில் கிடந்து கிடந்து அலாவுதீனுக்கு முதுகெல்லாம் புண். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள முன்னால் நான் முயற்சி செய்யவுமில்லை. காகிதம் காட்ட முடியாததால் அவர்கள் கார்டு வெள்ளையாகிவிட்டது.

"யாரோ விளிச்சுச் சொல்லியிருக்காங்க மாமி. பேரு தெரியாதாம்" என்றாள் ஜுமைலா.

"அடப்பாவமே, யாராயிருக்கும்?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் சாயங்காலம் ஒரு கிண்ணம் பால்பாயசம் வேறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்காகத் தெய்வம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மறுவருஷம் மிளகுக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயதுக்காரருக்கு யார் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள்? ஆறு மாதம் அலைந்துவிட்டு, கலூரில் ஒரு ஃப்ளாட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். யூனிஃபார்மைப் பையில் மடித்து எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்வார். சந்தில் யார் கேட்டாலும் "ஆபீஸ்" என்போம். கனத்த பூட்ஸ் கடித்த புண், சர்க்கரை உடம்பில் ஆறவில்லை. நிற்க முடியாதவனுக்குச் செக்யூரிட்டி வேலை எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள். பெருவிரல் கறுக்கத் தொடங்கியது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பாதமே போய்விடும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் என்ன கார்டு என்று கேட்டாள். வெள்ளை என்றேன். "பிங்க் ஆக்கிட்டு வரூ சேச்சி, எந்நால் ஃப்ரீயா" என்றாள். பிங்க் கார்டு என்றால் ஆபரேஷன் இலவசமாம்.

அரசு மனுக்களைப் பதிகிற அக்ஷயா சென்டரில் போய் விண்ணப்பம் போட்டோம். அவசரம் என்று டாக்டரின் கடிதத்தையும் சேர்த்தோம். வீட்டைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவார் என்றார்கள்.

அன்று நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. ஏழை என்று நிரூபிக்க வேண்டிய நாள் அது. ஆனால் வீட்டுக்கு ஆபீஸர் வருகிறார் என்றதும் என் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வாசலைக் கழுவி இழைகோலம் போட்டேன். இவருக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, கட்டுப் போட்ட கால் தெரியாதபடி வேஷ்டியை இழுத்துவிட்டேன். நான் மிச்சமிருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். வருகிறவருக்கு ஒரு வாய் சாயா கொடுக்காமல் அனுப்புவதா? பால் இல்லை, தேயிலை இல்லை, சர்க்கரையும் இல்லை. ஜுமைலா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மூன்றையும் கொடுத்துவிட்டு, "நல்ல கப்பும் கொண்டுபோங்க மாமி" என்று பொன்விளிம்பு வைத்த இரண்டு பீங்கான் கோப்பைகளை எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் சின்னப் பையன்தான். சாயாவைக் குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "கண்டிட்டு கஷ்டப்பாடொந்நும் தோணுந்நில்லல்லோ" என்றார். பார்த்தால் கஷ்டப்படுகிற வீடாகத் தெரியவில்லையாம். பிறகு பேச்சுவாக்கில், "உச்சைக்கு எந்தா கூட்டான்?" என்று மத்தியானச் சமையலைக் கேட்டார்.

"சாம்பாரும் அவியலும்" என்றேன். காலையில் வைத்த கஞ்சியும் உப்புமாங்காயும்தான் வீட்டில் இருந்தன. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காலுக்கு என்ன என்று கேட்டபோது அவரும், "ஒந்நுமில்ல, சின்ன முறிவு" என்றார். சின்னக் காயமாம். ஜாடிக்கேற்ற மூடி. இன்ஸ்பெக்டர் ஏதோ குறித்துக்கொண்டு எழுந்துவிட்டார். போச்சு என்று எனக்குத் தெரிந்தது. கார்டு போச்சு, இவர் பாதமும் போச்சு. அப்போதும் வாயைத் திறந்து, "நாங்கள் பொய் சொன்னோம், எங்களுக்குக் கதியில்லை" என்று சொல்ல வரவில்லை.

அவர் அடுத்த வீட்டு வாசலில் நின்று ஜுமைலாவை விசாரித்தார். நான் அடுக்களை ஜன்னலில், அந்த ஏசிப் பெட்டிக்கு நேராக நின்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும். சொல்லாமல் இருந்தாலே போதும்.

ஜுமைலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் இப்போது குடித்த சாயாவின் பாலும் தேயிலையும் சர்க்கரையும் தன் வீட்டிலிருந்து போனவை, கோப்பையும் தன்னுடையதுதான் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னாள். அந்த வீட்டில் குக்கர் விசில் கேட்டு இரண்டு மாதமாகிறது என்றாள். "அவியல் வெச்சூந்நு பறஞ்ஞல்லோ?" என்று அவர் கேட்டார். "அது அபிமானமா சாரே. ஸாமிடெ முண்டு பொக்கி ஆ கால் ஒந்நு நோக்கூ" என்றாள். மானத்துக்குச் சொன்னது, இவர் வேஷ்டியைத் தூக்கி அந்தக் காலைப் பாருங்கள் என்று. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அவாளுக்கு ஒந்நும் இல்ல சாரே."

பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து, கேலிக்குத் தவிர, வந்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, குனிந்து, வேஷ்டியைத் தூக்கி இவர் காலைப் பார்த்தார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் எழுதியதை அடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் புதிதாக எழுதினார்.

கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். ஆபீஸர் அந்த ஃபோன் பராதிய வாசிச்சுக் காட்டினார். இந்தச் சந்துல அவாளுக்குன்னு சொல்ற வாய் ஒண்ணுதானே மாமி."

"அப்பறம் பாயசத்த ஏன் வாங்கிண்டாய்?"

"பாயசத்து மேல என்ன கோபம்? இவருக்கு இஷ்டம்."

"என்னை மன்னிச்சுக்கோ ஜுமைலா" என்றேன். அழுகை வந்தது.

அவள் கோப்பைகளை அலமாரியில் வைத்து மூடினாள். "உங்களுக்காகச் சொல்லல மாமி. ஸாமி காலுக்காகச் சொன்னேன். இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல ஒரு ஆள் கிடையில கிடக்கறது போதும்."

பிங்க் கார்டு வந்தது. இவருக்கு ஒரு விரல் போயிற்று, பாதம் நின்றது. சந்தில் நானும் ஜுமைலாவும் பழையபடி பேசிக்கொண்டோம், ஆனால் அவள் முன்னால் நான் யாரையும் 'அவா' என்று சொல்வதில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு 'அவங்க' என்பேன். அவளும் கவனிக்காத மாதிரி இருப்பாள்.

நாலு மாதம் கழித்து அவளே வந்தாள். சுள்ளிக்கல் முதலாளி அந்தக் காரை விற்றுவிட்டானாம், பழைய ஆர்.சி. நகலும் கொடுத்துவிட்டானாம். பிங்க் கார்டுக்கு மறுபடி மனு போட்டிருக்கிறாள். "அயல்வாசி ஒராள் வந்து சொல்லணுமாம் மாமி. வர்றீங்களா?" என்றாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கூப்பிட்டது நான்தான் சார். பொறாமையில் சொன்னேன். அந்தக் குடும்பத்துக்குக் கார் கிடையாது. மூன்றே வாக்கியம். தோப்பும்படி ஸ்டாப் வருவதற்குள் மூன்றும் மனப்பாடம்.

ரேஷன் ஆபீஸில் ஆபீஸர் நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். கார் அவர்களுடையது அல்ல, அலாவுதீன் படுக்கையில், ஷாபாஸுக்கு நிலையான வேலை இல்லை. எல்லாம் சரி என்று தலையாட்டினார். முடிக்கும் முன் பழைய ஃபைலைப் பிரித்து, அந்தப் புகார்க் காகிதத்தை எடுத்தார். வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"'அவாளுக்கு ஏசி உண்டு.' எந்தா ஈ 'அவாள்'? ஆள்டெ பேராணோ?" இது யாராவது ஆளின் பெயரா என்று எங்கள் இருவரையும் பார்த்தார். "இது ஆரா விளிச்சதெந்நு அறியுமோ?" கூப்பிட்டது யாரென்று தெரியுமா என்றார்.

என் வாய் திறந்தது. மூன்று வாக்கியமும் தயாராக இருந்தன. அதே நேரம் என் கைப்பையில் இருந்த பிங்க் கார்டும் ஞாபகம் வந்தது. இவருக்கு இன்னும் வாரம் இரண்டு முறை கட்டு மாற்ற வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தவள் என்று இந்த மேஜையிலேயே என் கார்டையும் கேட்டுவிட்டால்? கேட்பார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. திறந்த வாய் மூடிக்கொண்டது. ஆபீஸர் காத்திருந்தார்.

ஜுமைலா என்னைப் பார்க்கவில்லை.

"பேரல்ல சாரே" என்றாள். "ஞங்ஙள்டெ தமிழிலெ ஒரு வாக்கா. பஹுமானிச்சு பறயுந்நது." எங்கள் தமிழில் ஒரு வார்த்தை, மரியாதைக்குச் சொல்வது என்றாள். விளித்தது யார் என்ற கேள்வியை அவள் தொடவே இல்லை.

"பராதியிலும் பஹுமானமோ!" என்று ஆபீஸர் வாய்விட்டுச் சிரித்தார். மனுவில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிடும் முன், சிரிப்பு மாறாமல் என் பக்கம் திரும்பினார்.

"சேச்சிக்கு அறியுமோ ஈ வாக்கு?"

"கேட்டிட்டுண்டு சார்" என்றேன். கேள்விப்பட்டிருக்கிறேன் என்று. ஐம்பத்தாறு வருஷமாக என் வாயில் கிடக்கிற வார்த்தை.