சாய்ந்து நின்ற இரத்தம்

கண்ணாயியிடம் எடுத்த இரத்தம் குழாய்க்குள் மட்டமாக நிற்கவில்லை. வடக்குப் பார்த்துச் சாய்ந்து நின்றது. மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு இரத்தம் எடுத்த அன்று அதை முதலில் கவனித்தவள் ஹேமலதா. அடிவாரத்து விவசாயி வீட்டுப் பெண், ஆராய்ச்சிக்காக மலையேறி வந்தவள். மேசைதான் கோணல் என்று நினைத்து அதன் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தாள். மற்றக் குழாய்களில் எல்லாம் இரத்தம் நல்ல பிள்ளையாக நின்றது. இதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வடக்கை விடவில்லை. அந்த வாரம் மிளகு விலை ஏறியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஆராய்ச்சி இதுதான்: மலைமேல் இருப்பவர்கள், அடிவாரத்தில் இருப்பவர்கள், தூரத்து ஊர்க்காரர்கள் என்று பிரித்து, இரத்தத்தில் எந்த மரபணு அடையாளம் எந்த ஊரில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. ஹேமலதா பொறுமையாகத்தான் விளக்கினாள். பலாப்பிசின் ஒட்டிய கையோடு உட்கார்ந்திருந்த கண்ணாயிக்கு அதில் ஒன்றுதான் மனதில் தைத்தது: ஒரே அடையாளம் உள்ளவர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கப் போகிறார்கள். அவளுடைய ஒரே மகன் முருகானந்தம் போர்வெல் போடும் லாரியில் வேலைக்கு வடக்கே போய் வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் போன் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. லாரி முதலாளியைத் தேடித் திருச்செங்கோட்டுக்குப் போனால், பையன் பாதி வழியில் இறங்கிக்கொண்டான் என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். ஊசி என்றாலே ஓடுகிற கண்ணாயி அன்று முதல் ஆளாகக் கையை நீட்டியது அதனால்தான்.

"ஏன் கண்ணு, எம் பையனையும் இதுல கண்டுபிடிச்சிருவீங்களா?"

"ஆளைத் தேடறது இல்லீங்க அக்கா. நூத்துக்கு எத்தனை பேருங்கற கணக்குத்தான் பாக்கறோம்."

"அந்த நூத்துல அவனும் ஒருத்தன்தானே சாமி?"

ஹேமலதா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

முடிவுகள் வந்தபோது கண்ணாயியின் இரத்தத்தில் ஓர் அடையாளம் தனியாக நின்றது. அவள் புருஷன் குப்புசாமிக்கு அது இல்லை, மலையில் வேறு யாருக்கும் இல்லை, அடிவாரத்திலும் இல்லை. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக வருவதை ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை என்பதால் அதை நீக்கிவிட்டார்கள். மீதி இரத்தத்தையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஹேமலதா அந்த ஒரு குழாயை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து கண்ணாயியிடம் கொடுத்தாள்.

"இதே அடையாளம் இருக்கற யாரையோ இது பாக்குதுங்க அக்கா. உங்க பையன்தான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"வேற யாரைப் பாக்கும்? நாளைக்கு அவனுக்கு ஒரு கொழந்தை பொறந்தா?"

"பாதிக்குப் பாதிங்க. அடையாளம் வந்தாலும் வரும், வராமலும் போகும்."

ஊதா மூடி போட்ட அந்தக் குழாய் அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. ஊறுகாய் கெடாமல் இருக்கிறதா என்று குப்புசாமி முதலில் கேலி செய்தார். பிறகு அவரும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தார். ஆடியில் அது வடமேற்கே சாயும், தையில் வடகிழக்கே. வேறு ஏதோ லாரியில் ஏறி ஊர் மாறுகிறான், பையன் வேலையில்தான் இருக்கிறான் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை கண்ணாயி குழாயை மடியில் கட்டிக்கொண்டு மலையிறங்கினாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பத் திரும்ப, இரத்தம் மட்டும் வடக்கிலேயே நின்றது. சேலம் ரயில் நிலையத்தில் அதைக் காட்டி, இந்தப் பக்கம் போகிற வண்டி எது என்று கேட்டாள். வடக்கே போகிற எல்லா வண்டியும் அந்தப் பக்கம்தான் என்றார் டிக்கெட் கொடுப்பவர். பக்கத்தைச் சொன்ன இரத்தம் ஊரைச் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே அவள் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சாய்வு ஒரே பக்கமாக நிலைத்துவிட்டது. கல்யாணம் செய்து ஓரிடத்தில் தங்கிவிட்டான் என்று கண்ணாயி முடிவுகட்டினாள். குழந்தை பிறந்திருந்தால் சாய்வு இரண்டாகப் பிரியுமோ என்று தினமும் குனிந்து பார்த்தாள்.

ஒரு மாசி மாதம், மிளகுக் கூடையோடு கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்தவள், இரத்தம் அந்தக் கதவைப் பார்த்துச் சாய்ந்திருப்பதைக் கண்டாள். கூடையைப் போட்டுவிட்டு, "முருகா, வந்துட்டியா கண்ணு!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கொல்லையில் யாரும் இல்லை. மரத்துக்குப் பின்னால் பார்த்தாள், பாதையில் இறங்கிப் பார்த்தாள், வாசல் பக்கமாகச் சுற்றி உள்ளே வந்தாள். இரத்தம் வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அவள் அடுப்புப் பக்கம் போனாள், அதுவும் அடுப்புப் பக்கம் திரும்பியது. அந்த அடையாளத்தோடு பார்ப்பதற்கு உலகத்தில் இனி அவளைத் தவிர அதற்கு யாரும் இல்லை. சிதறிக் கிடந்த மிளகின்மேல் உட்கார்ந்து அவள் அழுத அழுகை எதிர்க்காடு வரை கேட்டது. அப்படி ஓர் அழுகையை யாராலும் தேற்ற முடியாது, குப்புசாமி தேற்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார்.

ஹேமலதாவுக்குப் போன் செய்தார்கள்.

"கொழந்தை இருந்து, அதுக்கு அடையாளம் வராம இருந்திருக்கலாமுங்க அக்கா. அப்படி இருந்தா இது பாக்காது."

"இருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்றாள் கண்ணாயி.

குழாயை அவள் தூக்கி எறியவில்லை. அது அதே அலமாரியில்தான் இருக்கிறது, கெட்டும் போகவில்லை. ஊருக்கும் அது பழகிவிட்டது. போன வாரம் ஏணி கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பூபதி, "அத்தை எங்கீங்க மாமா?" என்று கேட்டான். குப்புசாமி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"செம்மேட்டுப் பக்கம் சாஞ்சிருக்குது. சந்தைக்குப் போனவ இன்னும் அங்கதான் நிக்கறா."

ஏணியை எடுத்துக்கொண்டு பூபதி போனான். கொஞ்ச நேரத்தில் இரத்தம் மெல்ல அசைந்து, பஸ் வரும் வளைவுப் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. குப்புசாமி எழுந்து இரண்டு பேருக்கு உலை வைத்தார்.