இருபத்திரண்டாம் நாள்

தீ அலாரம் அலறியது. நான்காம் மாடியில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"எந்த மகராசனோ மறுபடியும் பிரெட்டைக் கருக்கிட்டான்," என்றார் டாக்டர் கிருஷ்ணசாமி, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வாரத்துல மூணாவது தடவை."

"உண்மையான நெருப்பெண்டாலும் நான் எழும்பமாட்டன், சேர்," என்றாள் பிரியதர்சினி.

காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவள், மூன்று மணிக்குத்தான் வெளியே வந்திருந்தாள். முன்னால் தேநீர் ஆறிக் கிடந்தது.

மேற்கு சிட்னியின் அந்த மருத்துவமனையில் இருவருமே கணைய அறுவை நிபுணர்கள். அவருக்கு இருபது வருட அனுபவம். அவள் தனியாகக் கத்தி பிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கணையத்தை வெட்டித் தைத்த இடம் சிலருக்குக் கசியும். அது தொல்லை தராத 'வெறும் கசிவா', சிகிச்சையை நீட்டவைத்த 'பி'யா, உயிருக்கே ஆபத்தான 'சி'யா என்று டாக்டர்கள் தரம் போடுவார்கள். ஒரே நோயாளிக்கு ஆளுக்கொரு தரம் போடுகிறார்களா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. இதே மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்களின் நாற்பது பழைய கோப்புகள். பெயர், தேதி எல்லாம் கறுப்பு மையால் அழிக்கப்பட்டவை. இரண்டு மாதம் கழித்து அதே நாற்பதும் வரிசை மாறி, வேறு எண்களோடு திரும்ப வரும். கடைசியில் முடிவாகும் தரம், அறுவை செய்த டாக்டரின் பெயரில் மருத்துவமனைக் கமிட்டிக்குப் போகும்.

அந்தக் கமிட்டிதான் பிரியதர்சினியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் அவள் பெயரில் ஏற்கெனவே ஐந்து 'பி'. ஆறாகிவிட்டால், மறுபடியும் ஒரு மூத்த டாக்டர் பக்கத்தில் நின்றால்தான் அவள் கத்தியைத் தொடலாம்.

"முப்பத்தொன்பது ஒத்துப்போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் உதைக்குது," என்றார் கிருஷ்ணசாமி. "நான் ரெண்டு தடவையும் பி. நீ முதல்ல வெறும் கசிவு, அப்புறம் பி. என்னோட ஒத்துப்போகாட்டி பரவால்ல, உன்னோடயே ஒத்துப்போகலையேம்மா!"

"ரெண்டாந்தரம் நல்லாக் களைச்சுப்போய் இருந்திருப்பன், சேர்."

"களைப்புல போட்டதுதான் ரூல்படி சரியா இருக்கு. கசிவை வடிக்கிற ட்யூப் மூணு வாரத்துக்கு மேல வயித்துல இருந்தா பி. இவருக்கு இருபத்திரண்டாம் நாள்தான் எடுத்திருக்காங்க."

"ஒரு நாள்தானே கூட?"

"அதான் நானும் யோசிக்கிறேன். முதல்ல ஏதோ காரணத்தோடதான் போட்டிருப்பே. நியாயமா இருந்தா அதையே வெச்சுக்கலாம். டிராஃபிக்குக்கு முன்னாடி நான் கெல்லிவில்ல வீடு போய்ச் சேரணும்."

அலாரம் நின்றது. அவர் அவளுடைய பழைய தாளைத் தேடி எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"'நோயாளிக்கு ஒரு தொல்லையும் இல்லை. திங்கள் அரச விடுமுறை, கிளினிக் இல்லை. அதனால்தான் ட்யூப் ஒரு நாள் கூட இருந்தது.' சரியாத்தானே எழுதியிருக்கே? வெறும் கசிவுன்னே முடிச்சிடவா?"

பேனா தாளைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"தேதியெல்லாம்தான் அழிச்சிருக்காங்களே. திங்கள் லீவுன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கட்டிலில் படுத்தபடி, "ஊசி இல்லைத்தானே, டொக்டர்?" என்று மூன்று தரம் கேட்ட மனிதர்; அவள் கையால் அறுவை செய்துகொண்டவர். முதல் தடவை கோப்பைத் திறந்ததுமே அவரைத் தெரிந்துவிட்டது. நியாயம் என்று நம்பித்தான் அப்படி எழுதினாள். இரண்டாம் தடவை, பதினோரு மணி நேர அறுவைக்குப் பிறகு, அவளுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

கோப்பில் எங்கேயோ பார்த்ததாகச் சொன்னால் போதும். கிருஷ்ணசாமி நம்பிவிடுவார். அவர் கண்களிலும் தூக்கம்தான் இருந்தது.

அவள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"பி எண்டே போடுங்கோ, சேர். செவ்வாய்க்கிழமை அந்த ட்யூபைக் கழட்டினது நான்தான்."