கிரேன்காரருக்குக் கோதுமை ஆகாது

கட்டடம் எழும்பும் இடத்தில் அவரை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நீண்ட கழுத்து, ஒடிசலான உடம்பு, உயரக் கிரேனின் கண்ணாடி அறைக்குள் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பொறுமை. பெயர் வைத்தவன் தப்பாக வைக்கவில்லை. அந்த அறைக்கு ஏற இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. மேலே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு வாக்கி டாக்கி, சாப்பாட்டு டப்பா வைக்க ஒரு மூலை. கழிவறை கிடையாது. அவசரம் என்றால் இறங்கத்தான் வேண்டும். அவர் இறங்கினால் கீழே அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பல வருஷமாக அதுதான் அவருடைய தலைவலி. காலையில் ரொட்டி தின்றுவிட்டு ஏறினால் மதியத்துக்குள் வயிறு கடமுடா என்று உருளும். நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர், தண்ணீர் சரியில்லை என்றார் இன்னொருவர். போன கோடையில் டீக்கடையில் யாரோ கோதுமையில் இருக்கும் குளூட்டன் சிலருக்கு ஆகாது என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, பார்ப்போமே என்று கோதுமை கலந்த எல்லாவற்றையும் நிறுத்தினார். வயிறு வாயை மூடிக்கொண்டது. அப்படியே நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆனால் அதற்குள் ஊரில் பாதிப் பேருக்குக் கோதுமை ஆகாமல் போயிருந்தது. வேலையிடத்து கேன்டீனில் முதலில் அவர் ஒருவருக்குத்தான் கோதுமை இல்லாத தனித் தட்டு. பிறகு உடம்பு இளைக்க வேண்டும் என்று வெல்டர் ஒருவர் கேட்டார். முகம் பளபளப்பாகும் என்று கணக்குப் பிரிவுப் பெண் கேட்டாள். சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். சூப்பர்வைசர் வந்து தீர்ப்புச் சொன்னார்.

"கொக்கண்ணே, டாக்டர் கையெழுத்து இருந்தாத்தான் இனிமே தனித் தட்டு. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"எனக்கு நெஜமாவே ஆகாது தம்பி."

"அதைத்தான் அண்ணே எல்லாரும் சொல்றாங்க."

போதாக்குறைக்கு வீட்டுப் பக்கம் சகலை ஒருவர். மனைவியின் தங்கை கணவர். அவரும் கோதுமை ஆகாதவர்தான். உணவகத்துக்குப் போனால் பரிமாறுகிறவரை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்வார். கடைசியில் கேக் வந்ததும், "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று வழித்துத் தின்பார். அதைப் பார்த்த யாரும் அதற்குப் பிறகு கொக்கை நம்புவதில்லை. இவரும் அந்தக் கோஷ்டிதானே என்று சிரிப்பார்கள்.

கையெழுத்துக்காக டாக்டரம்மாவிடம் போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இப்ப சோதிச்சுப் பிரயோஜனம் இல்லையே" என்றார்.

"ஏம்மா?"

"கோதுமையை நிறுத்திட்டா ரத்தத்துல அடையாளம் மறைஞ்சிடும். ஆறு வாரமாவது தினமும் ரொட்டி சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

"ஆகாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். தின்னுட்டு வான்னா எப்படி? நான் உக்கார்ற எடம் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

டாக்டரம்மாவுக்கு அவர்மேல் இரக்கம்தான். ஆனால் வேறு வழி சொல்லத் தெரியவில்லை. கொக்கு கதவைச் சற்றுப் பலமாகவே சாத்திவிட்டு வந்தார். சீக்கு இருக்கிறது என்று காட்ட, குணமானவன் மறுபடி சீக்காளி ஆக வேண்டுமாம்! தனித் தட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் விருந்து. கோழி சூப் கெட்டியாக, மணமாக இருந்தது. கொக்கு ஒரு கிண்ணம் முடித்து இரண்டாவதில் கை வைத்தபோது சகலை நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எப்படி இருக்கு சகலை?"

"பிரமாதம்."

"இருக்காதா பின்னே? ரெண்டு கரண்டி மைதா கரைச்சு ஊத்தியிருக்கே!"

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். கொக்கு குளியலறைக்கு ஓடினார். நெற்றியில் வியர்வை கொட்ட, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது வெளியே கதவைத் தட்டும் சத்தம்.

"வெளிய வாங்க சகலை! மைதாவும் இல்ல, மண்ணும் இல்ல. அது சோள மாவு. சும்மா சொன்னேன். பாத்தீங்களா, எல்லாம் இங்கதான் இருக்கு, மண்டையில!"

வெளியே சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் மனைவியின் குரலும் இருந்தது. சட்டென்று நின்றுவிட்டது, ஆனாலும் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் இரண்டடி பின்னாலேயே வந்தாள். "ஏங்க, அவர் வெளையாட்டுக்குத்தான் பண்ணார்" என்றாள். "தெரியாம சிரிச்சுட்டேங்க" என்றாள். கொக்கு வேகமாக நடந்தார். கோபம் அவள்மேல் இல்லை. தன் வயிறே சகலை பக்கம் சேர்ந்துகொண்டதே என்றுதான்.

மறுநாள் மேலே, தன் வீட்டுச் சோற்றைத்தான் தின்றார். சோறு, முட்டை, உப்பு. அதில் கோதுமை எங்கிருந்து வரும்? மதியத்துக்கு மேல் ஜன்னல் கண்ணாடிகளை ஒரு கட்டாகத் தூக்கினார். கொக்கியில் அது ஆடியபோது, அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கூடவே வயிறு பிசைந்தது. இது வயிறா, பயமா? கீழே தலைக்கவசம் போட்ட தலைகள் மஞ்சள் மஞ்சளாய்ப் போய்வந்துகொண்டிருந்தன. மெல்ல மெல்லக் கண்ணாடிக் கட்டை இறக்கிவைத்தார். பிறகு வாக்கி டாக்கியில், "இறங்கறேன்" என்றார்.

சூப்பர்வைசர் ஏணியடியில் நின்றிருந்தார். "என்னண்ணே, திரும்பவுமா? சோறுதானே சாப்பிட்டீங்க?"

"அதான் தம்பி தெரியல. தெரியிற வரைக்கும் நான் மேல ஏறலை. கீழ சுமை கட்டுற வேலையில போடு."

"மேல வேற ஆளைப் போட்டா, நீங்க திரும்பக் கேட்டதும் அவரை உடனே எறக்க முடியாதுண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

சாயங்காலம் மறுபடி டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "வயித்துக்கும் பயம் உண்டு" என்றார். "நூறு பேரைச் சோதிச்சா ஒருத்தருக்குத்தான் அந்தக் குளூட்டன் நோய் இருக்கும். ஆனா எனக்கு ஆகலைன்னு சொல்றவங்க பத்துப் பேராவது இருப்பாங்க. அந்தப் பத்துப் பேருக்கும் எது என்னன்னு சொல்லாம குடுத்துப் பாத்தா, ரெண்டு மூணு பேருக்குத்தான் கோதுமைதான் காரணம்னு தெரியும்."

"எனக்கு அந்தப் பேரே தெரியாத காலத்துல வலிச்சுதே. அப்ப எங்கேருந்து வந்துச்சு பயம்?"

"நியாயமான கேள்வி. அதனாலதான் சோதிக்கச் சொல்றேன்."

"சோதனையில இல்லைன்னு வந்துட்டா?"

"அந்த நோய் இல்லைன்னு தெரியும். அப்பவும் கோதுமை உங்களுக்கு ஒத்துக்காம இருக்கலாம். அதுக்குன்னு தனியா சோதனை எதுவும் இல்லை."

கொக்குக்கு மேஜையைக் கவிழ்க்கலாம்போல் இருந்தது. ஆறு வாரம் கஷ்டப்பட்டாலும் பாதிக் கேள்விக்குத்தான் பதில்! ஆனால் அவரிடம் பாதிப் பதிலும் இல்லையே.

மறுநாள் காலை மனைவி அடுப்பில் சோறு வைக்கப் போனாள். "வேண்டாம். ரொட்டி எடு" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எதுக்குங்க இந்த வம்பு? நான் நம்பறேன். யார் என்ன சொன்னா என்ன?"

"நீ நம்பினா போதாது. எனக்கு நம்பிக்கை வரணும். கண்ணாடிக் கட்டைத் தலைக்கு மேல தொங்கவிட்டுக்கிட்டு, வயிறா மண்டையான்னு பட்டிமன்றம் நடத்த முடியாது."

அவள் நாலு துண்டு ரொட்டியைச் சுட்டுத் தட்டில் வைத்தாள். வெண்ணெயைத் தானே தடவினாள். அப்போதுதான் வாசலில் சகலை வந்து நின்றார். கையில் பளபளப்பான ஒரு பிஸ்கட் பெட்டி. குளூட்டன் இல்லாதது என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

"சகலை, நேத்து உங்களைக் கீழ எறக்கிட்டாங்களாமே. என்னாலதான்னு உங்க வீட்டுக்காரம்மா தங்கச்சிகிட்ட போன்ல..." பேச்சு பாதியில் நின்றது. கண் தட்டுக்குப் போனது. "என்னது, ரொட்டியா?"

"ஆமா. ஆறு வாரத்துக்கு. அப்புறம் ரத்தச் சோதனை. நீங்களும் வாங்களேன், சேர்ந்தே பண்ணிக்கலாம்."

"ஐயய்யோ, எனக்கு அதெல்லாம் ஆகாதே!" என்றபடி சகலை உட்கார்ந்தார். மூக்கு வெண்ணெய் வாசனையைப் பிடித்துவிட்டது. "சரி, ஒரு துண்டு. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

தின்று முடித்து, அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார். கொக்கு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கையை எடுங்க. நீங்க ருசிக்குத் தின்றீங்க. நான் வலிக்கத் தின்னணும்."

சகலை கையை மடியில் வைத்துக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. கொக்கு மிச்சம் இருந்த மூன்று துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மென்று விழுங்கிவிட்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு, சுமை கட்டக் கிளம்பினார்.